அப்பாவோட நுரையீரல் ஆபரேஷனைத் தாங்குமா டாக்டர்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்க ராஜபாளையம் பக்கம். அப்பாவுக்கு 66 வயசு, மில்லுல பஞ்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூம்ல 27 வருஷம் வேலை பார்த்தவர், பீடியும் உண்டு. 7 வருஷமா சிஓபிடின்னு, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய்னு இன்ஹேலர் எடுக்கிறார். 1998ல டிபி வந்து மாத்திரை சாப்பிட்டு குணமாச்சு. போன மாசம் காய்ச்சலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போய், சிடில வலது நுரையீரலோட மேல் லோப்ல (மேல் மடல்ல) 1.8 செ.மீ. கட்டின்னு தெரிஞ்சுது, ஊசி வெச்சு எடுத்த பயாப்ஸில அடினோகார்சினோமாங்கிற கேன்சர்னு வந்துச்சு. பெட் சிடில நடு நெஞ்சுல ஒரு நெறிகட்டியும் லேசா ஒளிருதுன்னு போட்டிருக்காங்க. ஊதுற டெஸ்ட்ல 52 சதவீதம். ஒரு டாக்டர் ஆபரேஷன் பண்ணிடலாம்கிறார், இன்னொருத்தர் இந்த லங்ஸோட டேபிள்ல ஏத்தினா வென்டிலேட்டர்ல இருந்து எடுக்க முடியாது, ரேடியேஷன் போதும்கிறார். கத்தி பட்டா பரவிடும்னு சித்தப்பா ஒரே பிடியா நிக்கிறார். அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லல, சளிக்கட்டின்னு சொல்லி வெச்சிருக்கோம். பீடியை விட்டுட்டேன்னு சொல்றார், ஆனா சாயங்காலம் மொட்டை மாடில வாசனை வருது. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. என்ன பண்ணட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றதால அதுல ஒருத்தருக்கு விஷயம் தெரியலன்னு நினைக்காதீங்க. ஒருத்தர் கட்டியைப் பார்த்து பேசுறார், இன்னொருத்தர் கட்டியைச் சுத்தி இருக்கிற நுரையீரலைப் பார்த்து பேசுறார். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்ச பிறகு அப்பாகிட்ட மிஞ்சப் போற நுரையீரல் எவ்வளவு, அதை வெச்சு அவர் எப்படி வாழ ஆசைப்படறார், இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம யாராலயும் பண்ணலாம்னோ வேணாம்னோ சொல்ல முடியாது. உங்க கையில இருக்கிற ரிப்போர்ட்ல மொத கேள்விக்கு பாதி பதில்தான் இருக்கு. ரெண்டாவதை அப்பாகிட்ட இன்னும் யாரும் கேட்கவே இல்ல.

மொதல்ல அந்த 52. மூச்சை நல்லா இழுத்து மொத செகண்ட்ல எவ்வளவு காத்தை வேகமா வெளிய தள்றார்ங்கிற கணக்கு அது, எஃப்இவி1னு ரிப்போர்ட்ல இருக்கும். அவர் வயசுக்கும் உயரத்துக்கும் 100 இருக்க வேண்டிய இடத்துல 52 இருக்கு. கேட்டதும் பாதி நுரையீரல் போயிடுச்சேன்னு தோணும், ஆனா நாங்க பார்க்கிறது இந்த நம்பரை இல்ல, ஆபரேஷனுக்கு அப்புறம் வரப் போற நம்பரை. நுரையீரல் ரெண்டையும் சேர்த்து 19 துண்டா கணக்கு வெச்சுக்குவோம், வலது பக்கம் மேல் லோப் 3, நடு லோப் 2, கீழ் லோப் 5, இடது பக்கம் மேல 5, கீழ 4. அப்பாவுக்கு கட்டி வலது மேல் லோப்ல, அதை முழுசா எடுத்தாலும் போறது 3 துண்டு, மிஞ்சுறது 16. 52ஐ 16ஆல பெருக்கி 19ஆல வகுத்துப் பாருங்க, 44கிட்ட வரும். இதே வலது நுரையீரல் முழுசா எடுக்கணும்னா மிஞ்சுறது 9 துண்டு, 25கிட்ட வந்து நிக்கும், அப்படி ஒரு ஆபரேஷனை அப்பாவுக்கு நானே வேணாம்னுதான் சொல்லுவேன். 60க்கு மேல இருந்தா பெருசா யோசிக்க வேண்டாம், 30க்கு கீழ போனா ரொம்ப யோசிக்கணும், நடுவுல இருந்தா இன்னும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துதான் முடிவுன்னு ஒரு வழிமுறை இருக்கு. அப்பா நடுவுல இருக்கார், அவ்வளவுதான். டேபிள்ல ஏத்தவே முடியாதுன்னு இந்த நம்பர் சொல்லல.

இன்னொரு டெஸ்ட் இருக்கு, டிஎல்சிஓன்னு பேரு, சின்ன ஊர்கள்ல பண்ண மாட்டாங்க. உள்ள போற காத்துல இருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் எந்த அளவுக்கு கடக்குதுன்னு அது காட்டும். ஊதுறதுல 52 வாங்கிட்டு இதுல ரொம்ப கீழ இருக்கிறவங்களும் உண்டு, ரெண்டுலயும் நல்லா இருக்கிறவங்களும் உண்டு. இது இல்லாம நுரையீரல் ஆபரேஷனுக்கு தேதி குறிக்கக் கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து. மதுரைக்குப் போனா பண்ணிடலாம்.

அதுக்கு அப்புறம் மாடி ஏற வெச்சுப் பார்ப்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு இது நல்லா புரியும், என்ன பெரிய மெஷின் டெஸ்ட் பண்ணாலும் மனுஷன் மாடி ஏறும்போது தெரியற உண்மை வேற. 22 மீட்டர் உயரம், அதாவது கிட்டத்தட்ட 7 மாடி ஏறிட்டார்னா லோப் எடுக்கிறதை தாங்குவார்னு நம்பலாம். மாடிக்கு பதிலா ரெண்டு கோனுக்கு நடுவுல நடக்க விடற டெஸ்ட்டும் இருக்கு, 400 மீட்டர் தாண்டணும். இதுல தேறலன்னா சைக்கிள் மிதிக்க வெச்சு மூச்சை அளக்கிற டெஸ்ட், அதுல ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 20 மில்லிக்கு மேல ஆக்சிஜன் எடுத்தா தைரியமா போகலாம், 10க்கு கீழ இருந்தா ஆபரேஷன் பேச்சை விட்டுடணும், நடுவுல இருந்தா பேசி முடிவு பண்ணணும். தயவுசெஞ்சு நீங்களா வீட்டு மாடில ஏத்திப் பார்த்துடாதீங்க, விரல்ல ஆக்சிஜன் மீட்டர் மாட்டி பக்கத்துல ஆள் இருந்துதான் பண்ணணும்.

ஒண்ணு சேர்த்துக்கறேன், இது நிறைய பேருக்கு தெரியாது. பீடி குடிச்சவங்களுக்கு நுரையீரல் பெரும்பாலும் மேல் பகுதியில்தான் அதிகமா கெட்டுப் போயிருக்கும், காத்துப் பை எல்லாம் கிழிஞ்சு பலூன் மாதிரி ஊதிப் போய் பக்கத்துல இருக்கிற நல்ல பகுதியை நசுக்கிட்டு இருக்கும். கட்டி அந்த கெட்டுப்போன லோப்லயே இருந்தா, அதை எடுக்கும்போது நசுங்கின பகுதிக்கு இடம் கிடைச்சு விரிய ஆரம்பிக்கும், அதனால கணக்கு சொல்ற அளவுக்கு மூச்சு குறையாது. அமெரிக்காவுல 1,218 பேரை வெச்சுப் பண்ணி 2003ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில, மேல் லோப் மட்டும் கெட்டுப் போய், நடமாட்டமும் குறைஞ்சு இருந்தவங்களுக்கு கேன்சரே இல்லாம அந்த பகுதியை வெட்டி எடுத்ததுல ஆயுளும் கூடுச்சு, நடமாட்டமும் கூடுச்சு. அப்பாவோட சிடில காத்துப் பை சேதம் எங்க அதிகம்னு ரேடியாலஜி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

அந்த ஊதுற டெஸ்ட்ட எப்ப எடுத்தீங்கன்னு எழுதல. காய்ச்சல் சமயத்துலன்னா அந்த 52ஐ நான் நம்ப மாட்டேன். சளி எல்லாம் அடங்கி, இன்ஹேலர் ஒழுங்கா எடுத்து ரெண்டு மூணு வாரம் ஆனதும் திரும்ப ஊத வைக்கணும். ஒழுங்கான்னு சொன்னேன் பாருங்க, அதுலதான் நிறைய கோட்டை விடறோம். என் ஓபில வர்றவங்ககிட்ட எல்லாம் இன்ஹேலரைக் கொண்டு வரச் சொல்லி என் முன்னாடியே எடுக்கச் சொல்லுவேன். ஒரு பெரியவர் மூணு வருஷமா கேப்ஸ்யூலை தண்ணி ஊத்தி முழுங்கிட்டு இருந்திருக்கார், மெஷினை அலமாரில பத்திரமா வெச்சிருக்கார். ஸ்ப்ரே டைப்ல நாக்குல அடிச்சு உடனே மூச்சை விட்டுடறவங்க எத்தனையோ பேர். அப்பா எடுக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க, மொதல்ல மூச்சை முழுசா வெளிய விடணும், அப்புறம் மருந்தை இழுக்கணும், பொடின்னா வேகமா, ஸ்ப்ரேன்னா மெதுவா, இழுத்து மனசுக்குள்ள 10 எண்ற வரைக்கும் அடக்கணும். ஆபரேஷன் அன்னைக்கு காலைலயும் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது, வெறும் வயிறுன்னு சொல்றது சாப்பாட்டுக்குத்தான், இழுக்கிற மருந்துக்கு இல்ல.

இப்ப அந்த நெறிகட்டி. உங்க கடிதத்துல என்னை நிறுத்தின வரி அதுதான். பெட் சிடில ஒளிர்றது எல்லாம் கேன்சர் கிடையாது. எங்க செல் வேகமா சர்க்கரை எடுக்குதோ அங்க ஒளிரும், டிபி வந்த நெறிகட்டியும் ஒளிரும், சாதாரண இன்ஃபெக்ஷன்லயும் ஒளிரும். அப்பாவுக்கு 1998ல டிபி, போன மாசம் காய்ச்சல், அதனால அது வெறும் பழைய கதையா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஆனா வாய்ப்பை நம்பி நெஞ்சைத் திறக்கவும் கூடாது, வாய்ப்பே இல்லன்னு ஆபரேஷனை கை விடவும் கூடாது. ஈபஸ்னு ஒரு டெஸ்ட், வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா மாதிரி குழாய் விட்டு, அதுல இருக்கிற ஸ்கேன்ல நெறிகட்டியைப் பார்த்துகிட்டே ஊசி வெச்சு எடுப்பாங்க. கழுத்தை அறுக்க வேண்டாம், பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். அதுல ஒண்ணும் இல்லன்னா இது மொத ஸ்டேஜ், ஆபரேஷனா ரேடியேஷனாங்கிற கேள்விக்கே அர்த்தம் இருக்கு. கேன்சர் செல் இருந்தா இது மொத ஸ்டேஜைத் தாண்டிடும், கீமோ, உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற இம்யூனோதெரபின்னு பாதையே மாறும், நேரா போய் வெட்டிட்டு வர முடியாது. ரெண்டு டாக்டர்கிட்டயும் போய் நீங்க கேட்க வேண்டிய மொத கேள்வி, நெறிகட்டியை ஊசி போட்டுப் பார்த்தீங்களாங்கிறதுதான். இன்னும் பண்ணலன்னா, அதுக்கு முன்னாடி சொன்ன ரெண்டு பேரோட கருத்தையுமே ஒரு பக்கம் வெச்சிடுங்க.

நெறிகட்டி சுத்தமா இருந்து, மாடியும் ஏறிட்டார்னு வெச்சுக்குவோம். அப்ப முழு லோப்பும் எடுக்கணுமாங்கிறது அடுத்தது. 2 செ.மீ.க்கு உள்ள இருக்கிற, ஓரமா இருக்கிற கட்டிக்கு லோப்ல ஒரு துண்டை மட்டும் எடுத்தா போதுமான்னு ஜப்பான்ல 1,106 பேர்கிட்ட பார்த்து 2022ல ரிசல்ட் வெளியிட்டாங்க. 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க துண்டு எடுத்தவங்கள்ல 94.3 சதவீதம், முழு லோப் எடுத்தவங்கள்ல 91.1. ஆனா துண்டு மட்டும் எடுத்தவங்களுக்கு அதே இடத்துல திரும்ப வந்தது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இன்னொண்ணு, துண்டு எடுத்தா மூச்சு ரொம்ப மிச்சமாகும்னு எதிர்பார்த்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு ஊத வெச்சுப் பார்த்தா வித்தியாசம் நினைச்சதை விட கம்மி. அதுல வந்தவங்க பெரும்பாலும் நுரையீரல் நல்லா இருந்தவங்க, உங்கப்பா மாதிரி இருக்கிறவங்களுக்கு கொஞ்சூண்டு மிச்சமும் பெரிய விஷயம்தான். 1.8 செ.மீ.ங்கிறதால இதைப் பத்தி சர்ஜன்கிட்ட கேட்கலாம், கட்டி ஓரமா இருக்கா உள்ள இருக்கான்னு பார்த்து அவர் சொல்லுவார். சின்ன ஓட்டை போட்டு கேமரா வழியா பண்றதா இருந்தா வலி குறையும், வலி குறைஞ்சா இருமுவார், இருமினா சளி வெளிய வரும், நிமோனியா தள்ளிப் போகும். சிஓபிடி இருக்கிறவங்களுக்கு இது பெரிய உதவி. வாரத்துக்கு வாரம் நுரையீரல் ஆபரேஷன் பண்ற சர்ஜன்கிட்ட போங்க, எல்லா ஆபரேஷனும் பண்றவர்கிட்ட இதைக் கொடுக்காதீங்க.

ரேடியேஷன் போதும்னு சொன்னவரும் ஏதோ கை கழுவுறதுக்காக சொல்லல. எஸ்பிஆர்டின்னு கட்டி மேல மட்டும் கூர்மையா குறி வெச்சு மூணுல இருந்து அஞ்சு தடவைல முடிக்கிற சிகிச்சை, மயக்கம் வேண்டாம், தையல் வேண்டாம். ஆபரேஷன் தாங்கவே முடியாதுன்னு ஒதுக்கின 55 பேருக்கு இதைக் கொடுத்து 2010ல ஒரு ரிசல்ட் வந்துச்சு, 3 வருஷத்துல கிட்டத்தட்ட 98 சதவீதம் பேருக்கு அந்த கட்டி அடங்கியே இருந்துச்சு. ஆனா அதே 3 வருஷத்துல உயிரோட இருந்தது 56 சதவீதம் பேர்தான், நிறைய பேரை கொண்டு போனது அவங்க இதயமும் நுரையீரலும். அதனாலதான் சொல்றேன், எந்த வழியில போனாலும் அப்பாவோட சிஓபிடியை கவனிக்கிறது கேன்சரை கவனிக்கிறதுக்கு சமமான வேலை. என் அபிப்பிராயம் கேட்டா, டெஸ்ட் எல்லாம் தேறினா ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன், ஏன்னா கட்டியோட சேர்த்து பக்கத்து நெறிகட்டிகளையும் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்துடலாம். தேறலன்னாலோ, இல்ல அப்பாவே எனக்கு கத்தி வேணாம்னு சொல்லிட்டாலோ, எஸ்பிஆர்டிக்கு மனசு நிறைஞ்சு போங்க.

சித்தப்பாகிட்ட கோவப்படாதீங்க. அந்த காலத்துல சிடி, பெட் எல்லாம் இல்லாம வயித்தையும் நெஞ்சையும் திறந்து பார்த்து, எல்லா இடமும் பரவியிருக்குன்னு மூடி அனுப்பினாங்க, அவங்க ரெண்டு மாசத்துல போய்ச் சேர்ந்ததைப் பார்த்த ஊர் ஜனங்க கத்தி பட்டதாலதான்னு நினைச்சுட்டாங்க. கத்தியால பரவல, பரவின பிறகுதான் கத்தி வந்துச்சு. அமெரிக்காவுல எவார்ட்ஸ் கிரஹாம்னு ஒரு சர்ஜன் 1933ல கேன்சருக்காக ஒரு பக்க நுரையீரலையே முழுசா எடுத்தார், அந்த நோயாளி அதுக்கப்புறம் 30 வருஷம் இருந்தார். புகை பிடிச்ச அந்த சர்ஜன் 1957ல நுரையீரல் கேன்சர்ல போயிட்டார்.

இதை அப்பாவோட மொட்டை மாடி பீடிக்காகவும்தான் எழுதறேன். இப்ப நிறுத்தி என்ன ஆகப் போகுதுன்னு அவர் கேட்பார். நிறுத்தின ஓரிரு நாள்லயே ரத்தத்துல இருக்கிற கார்பன் மோனாக்சைடு இறங்கிடும், 4 வாரம் ஆச்சுன்னா சளியை மேல தள்ற சின்ன சின்ன முடிகள் திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கும், ஆபரேஷனுக்கு அப்புறம் நிமோனியா வர்ற வாய்ப்பு குறையும். திட்டாதீங்க, திட்டினா மொட்டை மாடிக்கு பதிலா டீக்கடைக்குப் போவார். நிகோடின் சூயிங்கம் கேட்டு வாங்குங்க, 1800112356ங்கிற அரசாங்க இலவச நம்பர்ல கூப்பிட்டு அவரையே பேச வையுங்க.

டெஸ்ட் முடிஞ்சு தேதி வர்ற வரைக்கும் இருக்கிற ரெண்டு மூணு வாரம் சும்மா போகக் கூடாது. தினமும் நடை, மூச்சு வாங்கினா நின்னு, உதட்டை குவிச்சு சூடான காபியை ஊதுற மாதிரி மெதுவா ஊதி வெளிய விட்டு திரும்ப நடக்கணும். மூணு பந்து இருக்கிற இழுக்கிற பிளாஸ்டிக் மெஷினை இப்பவே வாங்கிப் பழக்குங்க, ஆபரேஷன் முடிஞ்சு வலில கிடக்கும்போது கையில கொடுத்தா யாராலயும் கத்துக்க முடியாது. தலையணையை நெஞ்சோட இறுக்கி அணைச்சுகிட்டு இருமப் பழக்குங்க, அப்படி இருமினா தையல்ல இழுக்கிற வலி குறையும். முட்டை, பயறு, மீன்னு எதுல புரதம் கிடைக்குதோ அது தினமும் உள்ள போகணும், மெலிஞ்ச உடம்புல காயம் சீக்கிரம் ஆறாது. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டாச்சான்னு கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா அதையும் இப்பவே ஆஸ்பத்திரி கவுன்டர்ல காட்டி எது எது கவர் ஆகும்னு கேட்டுடுங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க பயப்படப் போற ஒரு காட்சியை முன்னாடியே சொல்லி வைக்கிறேன். விலா பக்கம் ட்யூப் போட்டு கீழ தண்ணி பாட்டில் வெச்சிருப்பாங்க, அப்பா இருமும்போதெல்லாம் அதுல குமிழ் குமிழா வரும். நுரையீரல்ல தச்ச இடத்துல இருந்து காத்து கசியறதுதான் அது. நல்ல நுரையீரலுக்கு ரெண்டு மூணு நாள்ல நின்னுடும், சிஓபிடி நுரையீரல் நைஞ்ச துணி மாதிரி, தச்ச ஓட்டையிலயும் கசியும், 5 நாளைத் தாண்டியும் போகலாம். விறகடுப்புல 40 வருஷம் சமைச்சே நுரையீரல் கெட்டுப் போன ஒரு அம்மா, பீடியைத் தொட்டுக்கூட பார்க்காதவங்க, ஆபரேஷன் முடிஞ்சு 11 நாள் பாட்டிலோட இருந்தாங்க. தினமும் காலைல ரவுண்ட்ஸ் போகும்போது நான் கேட்கிறதுக்கு முன்னாடியே பாட்டிலைக் காட்டி, இன்னைக்கு நாலு குமிழ்தான் டாக்டர்னு எண்ணிச் சொல்லுவாங்க. பன்னெண்டாவது நாள் ட்யூபை எடுத்தோம், அவங்க மக கையைப் பிடிச்சுகிட்டு நடந்தே வெளிய போனாங்க. குமிழைப் பார்த்து ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஆபத்தே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன். நல்லா பண்ற பெரிய இடங்கள்லயே லோப் எடுக்கிற ஆபரேஷன்ல 100 பேர்ல ஒண்ணு ரெண்டு பேரை இழக்கறோம், அப்பா மாதிரி நுரையீரலுக்கு அது இன்னும் கூட, நிமோனியா, இதயத் துடிப்பு தாறுமாறா ஓடறது, சில நாள் ஐசியுல மெஷின் எல்லாம் நடக்கக்கூடியதுதான்.

இவ்வளவும் தெரிஞ்சுதான் அப்பா கையெழுத்து போடணும். சளிக்கட்டின்னு சொல்லி எப்படிம்மா ஒருத்தர் நெஞ்சைத் திறக்கிறது? நீங்க அவர் மேல இருக்கிற பாசத்துல மறைக்கறீங்க, எனக்குப் புரியுது, எங்க வீட்லயும் மறைச்சிருக்கோம், அப்புறம் மனசு அடிச்சுகிட்டிருக்கு. ஆனா பெட் சிடி, பயாப்ஸின்னு மாத்தி மாத்தி கூட்டிட்டு போறீங்க, வீட்ல எல்லாரும் அவர் வந்ததும் பேச்சை நிறுத்தறீங்க, 27 வருஷம் ப்ளோ ரூம்ல மெஷின் சத்தம் மாறினதை வெச்சே கோளாறைக் கண்டுபிடிச்சிருப்பார், அவருக்கா தெரியாது? தெரிஞ்சும் தனியா வெச்சுகிட்டு மொட்டை மாடிக்குப் போறார்னுதான் எனக்குத் தோணுது. சளிக்கட்டிக்காக யாரும் தினமும் மூச்சுப் பயிற்சி பண்ண மாட்டாங்க, பீடியை விட மாட்டாங்க. கூட்டமா உட்காராம நீங்களும் அம்மாவும் மட்டும் இருக்கும்போது சொல்லுங்க: அப்பா, நுரையீரல்ல இருக்கிறது கேன்சர் கட்டி, ரெண்டு செ.மீ. கூட இல்ல, சின்னதா இருக்கும்போதே பார்த்துட்டாங்க, வைத்தியம் இருக்கு, எந்த வைத்தியம்னு உங்ககூட பேசித்தான் முடிவு பண்ணப் போறோம். சொல்லிட்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசாதீங்க. அவர் அழுதாலும் சரி, பேசாம எழுந்து போனாலும் சரி, பின்னாடியே போய் சமாதானம் பண்ணாம விடுங்க. மறுநாள் கேளுங்க, எதுக்கு ரொம்ப பயப்படறீங்கன்னு. சாவுக்குன்னு சொல்லுவார்னு நினைப்பீங்க, நிறைய பேர் என்கிட்ட சொன்னது வேற, படுத்த படுக்கையாகி பிள்ளைங்களுக்கு பாரமாயிடுவேனோன்னுதான். அந்த பதில்தான் ஆபரேஷனா ரேடியேஷனாங்கிறதுல பாதியை முடிவு பண்ணும்.

ஈபஸ் ரிசல்ட், திரும்ப ஊதின ரிப்போர்ட், டிஎல்சிஓ, மாடி ஏறின கணக்கு நாலும் வந்ததும் ரெண்டு டாக்டரும் கேன்சர் போர்டுல ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு ஆஸ்பத்திரில கொடுங்க, மூணு நாலு வாரத்துக்கு மேல இழுக்க விடாதீங்க. எனக்கும் எழுதுங்க. அடுத்த கடிதத்தை அப்பாவையே எழுதச் சொல்லுங்க, அவர் கேட்கிற கேள்விக்கு நான் அவருக்கே பதில் எழுதறேன்.